கயிற்றால் கட்டிய வாதம்

இன்று ‘கட்டமரான்’ என்றதும் உலகெங்கும் நினைவுக்கு வருவது, இரண்டு ஒடுங்கிய ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த பாய்க்கலம். சொல் நம்முடையது, கலம் நம்முடையதன்று. சோழமண்டலக் கரையின் கட்டுமரம், மரத்துண்டங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை. அதில் மீன்பிடிக்கலாம், குடியிருக்க இயலாது. இரட்டை ஓடமோ பசிபிக் தீவு மக்களின் படைப்பு. 1876இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாஃப் தாம் கட்டிய இரட்டைப் படகால் நியூயார்க் பந்தயமொன்றில் வென்ற பிறகு, அவ்வகைக் கலங்களுக்கு இப்பெயர் பரவலாயிற்று.

பெயர் இடம் மாறியது சிறிய செய்தி. அக்கலத்தைப் படைத்தவர்களின் கடலறிவு மறுக்கப்பட்டதே பெரிய அநீதி. 1947இல் நார்வேயின் தோர் ஹெயர்தால், பெருவிலிருந்து பால்சா மர மிதவையில் 101 நாட்கள் மிதந்து ராரோயா பவளத்தீவை அடைந்தார். பாலினீசியாவின் முதற்குடிகள் தென் அமெரிக்காவிலிருந்து காற்றும் நீரோட்டமும் சுமந்துவர வந்தவர்கள் என்பது அவர் கொள்கை. மேற்கிலிருந்து எதிர்க்காற்றில் கலம் செலுத்தி வந்தவர்கள் என்ற எண்ணத்துக்கு அதில் இடமில்லை.

இதை ஏற்காதவர்களுள் ஒருவர், மான்செஸ்டரில் பிறந்த ஜேம்ஸ் வாரம். அவருக்கு முன்னோடி, பிரெஞ்சுக் கடலோடி எரிக் த பிஷோப். 1937இல் ஹவாயிலிருந்து இரட்டை ஓடத்தில் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பிரான்சை அடைந்தவர். வாரம் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பசிபிக் கலங்களைப் பயின்று, ஏழு மீட்டர் நீளமுள்ள ‘டாங்கரோவா’வைக் கட்டினார். 1955இல் ரூத், யூட்டா என்ற இரு ஜெர்மானியப் பெண்களுடன் அதில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட் தீவை அடைந்தார்.

அவர்களுக்கு அக்கலமே வீடு, அக்கலமே வாதம். இத்தகைய ஓடத்தில் வாழ்வது தனியொரு ஒழுக்கம். அடியில் பாரம் ஏற்றிக் கலத்தை நிலைநிறுத்தும் முறை இதில் இல்லை. ஓடங்களுக்கு இடையிலுள்ள அகலமே கவிழாமல் காக்கிறது. ஆகவே சுமை கூடினால் வேகமும் பாதுகாப்பும் குறையும். தண்ணீர், உணவு, புத்தகம் என ஒவ்வொன்றையும் எடைபோட்டே ஏற்ற வேண்டும். அதற்கு ஈடாகக் கிடைப்பது, ஆழமற்ற நீரிலும் மிதக்கும் ஆற்றல். பவளத்திட்டுகளைத் தாண்டி மணற்கரையிலேயே ஏறி நிற்கும். தீவுகளைத் தேடிச்செல்ல வேண்டிய மக்கள் ஏன் இவ்வடிவத்தைத் தேர்ந்தார்கள் என்பதை, அதில் குடியிருந்தவர் எளிதில் உணர்வார்.

டிரினிடாடில் 1957-58இல் வாரம், கடலோடி பெர்னார் ம்வாத்தெசியேயின் உதவியோடு 40 அடி நீளமுள்ள ‘ரோங்கோ’வைக் கட்டினார். 1959இல் அது நியூயார்க்கிலிருந்து வட அட்லாண்டிக்கைக் கடந்து அயர்லாந்தை அடைந்தது. மேற்கிலிருந்து கிழக்காக அக்கடலைக் கடந்த முதல் இரட்டை ஓடம் அதுவே.

ஒரு பயணம் வரலாற்றை நிறுவிவிடாது. ‘இயலும்’ என்று மட்டுமே சொல்லும். இது ஹெயர்தாலுக்கும் பொருந்தும், வாரத்துக்கும் பொருந்தும். ஆயினும் 1976இல் ஹவாயின் ‘ஹோக்குலேயா’, மைக்ரோனீசிய மாலுமி மாவ் பியாய்லுக்கின் வழிகாட்டலில், கருவிகள் இன்றி விண்மீன்களையும் அலைகளையும் கொண்டே தாஹித்தியை அடைந்தது. தொல்லியலும் மொழியியலும் மரபணுவியலும் அம்மக்கள் மேற்கிலிருந்து வந்தவர்கள் என்பதை உறுதிப்படுத்தின. 2020இல் வெளியான மரபணு ஆய்வு, ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் தென் அமெரிக்கரோடு தொடர்பு இருந்ததைக் காட்டியது உண்மை. ஆனால் அது தோற்றுவாய் அன்று, சந்திப்பு மட்டுமே.

2008-09இல் எண்பது வயதான வாரமும் ஹன்னக்கெ பூனும், பழைய டிக்கோப்பிய ஓடத்தின் வடிவில் அமைந்த இரு கலங்களில் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்டுப் பசிபிக்கின் டிக்கோப்பியா, அனூட்டா தீவுகளை அடைந்தார்கள். கலங்களை அத்தீவினருக்கே அளித்துவிட்டார்கள். இரவல் வாங்கிய அறிவுக்கு இதைவிடத் தகுந்த நன்றி இல்லை.

வாரத்தின் பிற்காலக் கலங்களில் ஓடங்களையும் குறுக்குச் சட்டங்களையும் இணைப்பது ஆணியோ இரும்போ அன்று. பசிபிக் முறைப்படி கயிற்றுக் கட்டு. அலைக்கு வளைந்து கொடுப்பதால்தான் அது உடைவதில்லை. வேறொரு கலத்துக்குப் போய்ச் சேர்ந்த நம் சொல்லில், ‘கட்டு’ மட்டுமாவது பொருள் பிழையாமல் எஞ்சியிருக்கிறது.