உப்புக் காற்றைத் தாண்டி ஓடிய எஞ்சின்கள்

 

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் கொட்டிலில் கிடந்த மொறிஸ் மைனர்களுக்கும் ஒஸ்டின் கேம்பிரிஜ்களுக்கும் மறுபடி மவுசு வந்தது. "சேர், இதற்கு எந்த எஞ்சின் போடலாம்? எந்த கியர் பொக்ஸ் பொருந்தும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதற்குப் பின்னால் நம்முடைய வரலாறு ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவில் பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து, பெரிய எஞ்சின் பூட்டி ஓட்டும் 'ஹொட் ரொட்' பழக்கம் கலிபோர்னியாவில் வளர்ந்தது. 1932இல் ஃபோர்டு மலிவு விலையில் வி8 எஞ்சினைக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் அதை வேகத்துக்காக மாற்றி அமைத்தார்கள். அவர்களிடம் காரும் இருந்தது, பெற்றோலும் இருந்தது. நம் நாட்டில் அதே கைவேலை பிறந்தது இல்லாமையில்.

திருகோணமலை 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட துறைமுகம் இது. போர் முடிந்ததும் படைகள் கழித்துவிட்ட ஜீப்புகளும் லொறிகளும் இலங்கையில் பொதுமக்கள் கைக்கு வந்தன. அவற்றோடு பிரித்தானியக் கார்களும் வந்தன. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இறுகியது. புதிய கார் வருவது அருகியது, உதிரிப்பாகமும் கிடைக்கவில்லை. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை, இருந்த வண்டியைச் சாகவிடாமல் வைத்திருப்பதே பாஸ்மாரின் தொழில்.

மொறிஸ் மைனரையே எடுப்போம். 1948இல் வந்தபோது 918 சிசி எஞ்சின். 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 சிசி. வெளியே ஏறக்குறைய ஒரே உருவம், உள்ளே நான்கு எஞ்சின். கியர் பொக்ஸும் பின் அச்சும் இவற்றோடு மாறின. 803 வண்டியின் பின் அச்சு விகிதம் 5.375, 948க்கு 4.55, 1098க்கு 4.22. அதாவது 948இல் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற, புரொப்பெல்லர் ஷாஃப்ட் நாலரைச் சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு 803இன் பின் அச்சை அப்படியே விட்டால், நிலாவெளி வீதியில் வேகம் கூடும்போது எஞ்சின் கத்தும். விகிதத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால், ஹபரணை தாண்டி மாத்தளை, கண்டி ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும். கியர் பொக்ஸ் தேர்வு என்பது எஞ்சின், பின் அச்சு, ஓடும் பாதை மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கு.

1977க்குப் பிறகு ஜப்பானிய எஞ்சின்கள் வந்தன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் அவை வரிசையாக நின்றன. மைனருக்குள் நிசானின் ஏ12 எஞ்சினை அதன் கியர் பொக்ஸோடு இறக்குவது பலரும் செய்த வேலை. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. நிசான் 1952இல் ஒஸ்டினோடு ஒப்பந்தம் செய்து, ஒஸ்டின் கார்களை ஜப்பானில் கட்டித்தான் தொழில் கற்றது. மாணவன் கட்டிய எஞ்சின் குருவின் வண்டிக்குள் வந்து உட்கார்ந்தது! மைனர் எஞ்சினின் கிராங்கை மூன்று மெயின் பெயாரிங் தாங்கும், ஏ12இல் ஐந்து. அதனால் கூடிய வேகத்திலும் அது பதறாது.

ஆனால் 948 மைனர் 37 குதிரைவலுவுக்குக் கட்டப்பட்டது. அந்த வண்டிக்கு இருந்தவை 7 அங்குல டிரம் பிரேக்குகள். 1098 வந்தபோது கம்பனியே முன் பிரேக்கை 8 அங்குலமாக்கியது. வலுவைக் கூட்டியவர்கள் நிறுத்தும் சக்தியையும் கூட்டினார்கள். நம் பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது. வீதியில் நடக்கும் பிள்ளையும் நம் பிள்ளைதான்.

போர்க்காலம் இன்னொரு பாடம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்கவில்லை. அங்கே பழைய மொறிஸ்களும் கேம்பிரிஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அது சாத்தியமானது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயிலை அடிக்கடி மாற்றாவிட்டால் பெயாரிங் போய்விடும். 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்றபோது, அந்த அறிவின் பெறுமதி நமக்கெல்லாம் புரிந்தது.

இன்றைக்குப் பழைய எஞ்சினைத் திருத்துபவர்களுக்குச் சில வார்த்தைகள். சிலிண்டர் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று மேலும் கீழும் அளந்து பார்த்த பிறகே லேத்துக்குக் கொடுங்கள். ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள். எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்துங்கள். கழற்றிய பழைய எஞ்சினை இரும்புக்குப் போடாதீர்கள். நம் ஊரின் உப்புக் காற்று எஞ்சினுக்கு முன் தரைத்தகட்டையும் சேஸியையும் தின்றுவிடும். முதலில் வண்டியின் அடியைப் பாருங்கள்.

2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. நம் மாணவர்கள் பற்சில்லு விகிதத்தைத் தாளில் படிக்கிறார்கள். அதைக் கையால் செய்து காட்டக்கூடிய பாஸ்மார் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று நம் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். போர்க் காலத்திலும் வண்டி பழுதானால் யாருடைய கராஜ் என்று பலர் பார்க்கவில்லை. அவர்களின் அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது.

ஆகவே நம் வேண்டுகோள் இதுதான். உங்கள் வாப்பாவோ, நானாவோ, பக்கத்து வீட்டு ஐயாவோ பழைய கராஜில் வேலை செய்தவராக இருந்தால், கைத்தொலைபேசியை எடுத்து அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். எந்த வண்டிக்கு எந்த எஞ்சின் போட்டார், கியர் பொக்ஸைப் பொருத்த எதை வெட்டினார், எதை ஒட்டினார் என்று கேளுங்கள். பிள்ளைகளைக் கொண்டு எழுத வைப்போம், இன்ஷா அல்லாஹ்.