உண்ணல் கோளாறு: வளரிளம் பருவத்தினருக்கான குடும்பம் சார்ந்த சிகிச்சை

உண்ணல் கோளாறு என்றால் என்ன?

எடை கூடிவிடும் என்ற கடும் அச்சத்தால் உணவைத் தவிர்ப்பது அனோரெக்சியா எனப்படும். கட்டுப்பாடின்றி மிகுதியாக உண்டு, பின்னர் வாந்தி எடுத்தல் போன்றவற்றால் அதை ஈடுகட்ட முயல்வது புலிமியா எனப்படும். இவை பிடிவாதமோ வளர்ப்பின் குறையோ அல்ல. உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடிய நோய்கள். ஆண் பிள்ளைகளுக்கும் ஏற்படலாம்.

குடும்பத்தின் பங்கு என்ன?

1980களில் இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவான இம்முறை, பெற்றோரைச் சிகிச்சையின் துணையாகக் கொள்கிறது. பொதுவாக 6 முதல் 12 மாதங்கள் நீடிக்கும் இச்சிகிச்சை மூன்று நிலைகளைக் கொண்டது:

1. என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்து, எடையை மீட்டல்.
2. உண்ணும் பொறுப்பைச் சிறிது சிறிதாகப் பிள்ளையிடமே திருப்பி அளித்தல்.
3. படிப்பு, நட்பு, தன்னம்பிக்கை ஆகிய வளரிளம் பருவ வாழ்வுக்குத் திரும்புதல்.

நோயருடன் குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது தமிழகத்திற்குப் புதிதன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இதை நெடுங்காலமாகப் பின்பற்றி வருகிறது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

• ஒவ்வொரு வேளையும் உடன் அமர்ந்து உண்ணுங்கள். உணவை மறுத்தால் வாதிடாமல், அமைதியாகவும் உறுதியாகவும் ஊக்குவியுங்கள்.
• பிள்ளையைக் குறை கூறாதீர்கள். எதிர்க்க வேண்டியது நோயை மட்டுமே.
• குற்றாலச் சாரல் காலத்தில் வரும் உறவினரிடம், "மெலிந்துவிட்டாய்", "பூசினாற்போல் இருக்கிறாய்" போன்ற சொற்களைத் தவிர்க்குமாறு முன்னரே கூறுங்கள்.
• எடை மிகக் குறைந்த பிள்ளைக்குக் குளிரும் மயக்கமும் எளிதில் ஏற்படும். அருவியில் குளிக்க அழைத்துச் செல்லுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.

எச்சரிக்கை

நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென மிகுதியாக உணவளிப்பது இரத்தத்தில் தாது உப்புகளின் அளவைக் குலைத்து இதயத்தைப் பாதிக்கலாம். எனவே மருத்துவரின் கண்காணிப்பிலேயே உணவைப் படிப்படியாகக் கூட்டுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, நீரும் அருந்த மறுத்தல், தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே 108ஐ அழையுங்கள்.

எங்கு அணுகுவது?

தென்காசி மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையையோ, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ அணுகி, குடும்பம் சார்ந்த சிகிச்சை குறித்துக் கேளுங்கள். வீட்டில் வன்முறை இருப்பின் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அந்நிலையில் வேறு சிகிச்சை முறை தேவைப்படலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.