தேய்மானமும் மெய்ம்மையும்: நீலகிரியின் எக்ஸ் வகை என்ஜின்களை மறுகட்டுவது குறித்து

திருச்சி பொன்மலைப் பணிமனையிலிருந்து 2021-ல் வெளிவந்த நிலக்கரி நீராவி என்ஜினை 'நகல்' என்று ஒதுக்குவோர் பாரம்பரியப் பாதுகாப்பு பற்றி எழுதுவோரிடையே உண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அங்கேயே கட்டப்பட்ட நான்கு எண்ணெய் என்ஜின்களுக்கும் அவர்கள் தந்த பெயர் அதுதான். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1914 முதல் 1925 வரையிலும், பிறகு 1952-லும் கட்டப்பட்டவை மட்டுமே மெய். ஏனையவை சுற்றுலாவுக்குப் போட்ட வேடம் என்பது அவர்கள் வாதம். அதன் நடைமுறை விளைவு கடுமையானது. பழைய என்ஜின் ஓரளவுக்கு மேல் தேய்ந்துவிட்டால் அதைப் பிரித்துக் கட்டக் கூடாது, காட்சிக்கு நிறுத்திவிட வேண்டும் என்று ஆகிறது. இந்த விளைவும் அது நிற்கும் அடிப்படையும் தவறு என்பதே என் கருத்து.

இந்தத் தரப்பு பெரிதும் சார்ந்திருப்பது உலகப் பாரம்பரிய உடன்படிக்கையின் செயல்முறை வழிகாட்டுதல்களில் வரும் 86-ஆம் பத்தியை. தொல்லியல் எச்சங்கள், வரலாற்றுக் கட்டடங்கள், வரலாற்று நகர்ப்பகுதிகள் ஆகியவற்றை மீண்டும் கட்டுவது விதிவிலக்கான சூழலில் மட்டுமே ஏற்கத்தக்கது. அதுவும் முழுமையான ஆவணங்களின் பேரில் நடக்க வேண்டும், ஊகத்துக்கு இடமே இல்லை என்பது அதன் சாரம். நீலகிரி மலை ரயில்பாதை 2005-ல் டார்ஜிலிங் பாதையின் விரிவாக்கமாகப் பட்டியலில் சேர்ந்ததால் இந்தப் பத்தி என்ஜின்களையும் கட்டுப்படுத்தும் என்கிறார்கள்.

பத்தியைப் பொறுமையாகப் படித்தால் அது பேசும் மூன்று பொருள்களும் அசையாதவை என்பது தெரியும். இடிந்த கோபுரம் இடிந்த நிலையிலும் சான்றாக நிற்கும். அதன்மேல் புதுச் சுவர் எழுப்பினால் சான்று மறைந்துபோகும். ஓடும் என்ஜின் அப்படிப்பட்டதன்று. ஓட்டமே அதைத் தின்கிறது, பழுது பார்ப்பதால்தான் அது நிலைக்கிறது. கொதிகலன் குழாய்கள், பிஸ்டன் வளையங்கள், தாங்கிகள், சக்கர விளிம்புகள் எல்லாம் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. பி.ஓ.எச். எனப்படும் குறித்தகால முழுப் பிரிப்பில் அவை மாற்றப்பட்டே வந்துள்ளன. இப்படி மாற்றப்பட்டவற்றைக் கழித்துவிட்டால் 'அசல்' என்று கொண்டாடப்படும் என்ஜினில் விண்டர்தூர் உலோகம் எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்வியை எதிர்த்தரப்பு எழுப்புவதே இல்லை. ஆரணித் தறியில் அச்சும் விழுதும் மாறியதற்காக அதை நேற்றுச் செய்த தறி என்று எந்த நெசவாளியும் சொல்லமாட்டார்.

86-ஆம் பத்தியைத் தனியே எடுத்துப் படிப்பதும் முறையன்று. அதற்குச் சற்று முன்னே வரும் 82-ஆம் பத்தி, மெய்ம்மை எவற்றில் வெளிப்படலாம் என்று பட்டியலிடுகிறது. வடிவமும் வடிவமைப்பும் அதில் உண்டு, பொருளும் உண்டு. அவற்றோடு பயனும் இயக்கமும், மரபும் தொழில்நுட்பமும் நிர்வாக முறையும் இடம்பெறுகின்றன. 1994-ல் ஜப்பானின் நாரா நகரில் உருவான ஆவணத்தின் வழிவந்த சிந்தனை இது. (உடனே இசே ஆலயத்தை உதாரணமாக இழுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. நமக்கு அது வேண்டாம். சடங்காகப் புதுப்பிக்கும் மரக்கோயில் வேறு, தேய்ந்ததால் பிரிக்கும் இரும்பு வேறு.) யுனெஸ்கோ தன் பதிவில் இந்த மலைப்பாதைகள் இன்றும் முழுமையாக இயங்குவதை வலியுறுத்துகிறது. அப்படியானால் என்ஜினை ஓடாமல் நிறுத்துவது பொருளைக் காப்பதற்காக இயக்கத்தைப் பலிகொடுப்பதாகும். இரண்டில் எது முதன்மை என்று வழிகாட்டுதல்கள் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீலகிரியைப் பொறுத்தவரை விடையை மலையே தருகிறது.

கல்லாறு முதல் குன்னூர் வரை, ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதையில், ஆப்ட் முறைப் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு என்ஜின் கீழ்ப்பக்கமிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. எக்ஸ் வகைக்கு நான்கு உருளைகள். உயரழுத்த உருளைகள் இரண்டும் சாதாரணச் சக்கரங்களை இயக்கும். அவற்றிலிருந்து வெளியேறும் நீராவி பல் பகுதியில் தாழழுத்த உருளைகளுக்குப் போய்ப் பல்சக்கரங்களைச் சுழற்றும். இந்த ஏற்பாட்டைப் படத்தில் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். அதைத் தேய்மானத்தோடு சமாளிக்கும் அறிவோ பிரித்துப் பூட்டும் கைகளிலும் மேட்டுப்பாளையத்து ஓட்டுநர்களின் காதுகளிலும்தான் இருக்கிறது. என்ஜின் நின்றால் அந்த அறிவும் ஒரு தலைமுறைக்குள் நின்றுபோகும்.

மறுகட்டலாமா என்ற கேள்வியை உண்மையில் தீர்மானிப்பது என்ஜினின் வயதன்று, தேயும் பாகத்தைத் திரும்பச் செய்பவர் இருக்கிறாரா என்பதே. இதற்குத் தெளிவான சான்று ரயிலுக்கு வெளியே, சுழல் என்ஜின் கார்களின் வரலாற்றில் கிடைக்கிறது. பிஸ்டன் என்ஜினின் உருளை தேய்ந்தால் கடைந்து அகலப்படுத்திப் பெரிய பிஸ்டன் போடலாம். வாங்கெல் சுழல் என்ஜினின் கூட்டில் அது இயலாது. உட்சுவரின் வளைவும் அதன்மேல் பூசிய கடின உலோகமும் கெட்டால் புதுக் கூடுதான் வேண்டும். 1967-ல் வந்த ஜெர்மனியின் என்.எஸ்.யு. ஆர்.ஓ.80 காரில் சுழலியின் முனை அடைப்புகள் விரைவில் தேய்ந்தன. அந்த நிறுவனமும் 1969-ல் ஆடியோடு இணைந்து தனித்த இருப்பை இழந்தது. பலர் சுழல் என்ஜினைக் கழற்றி ஃபோர்டு வி4 பிஸ்டன் என்ஜினைப் பொருத்தினர். உடல் பிழைத்தது, காருக்குப் பெயர் வாங்கித் தந்த என்ஜின் போனது. மாஸ்டா அதே தொழில்நுட்பத்தைக் கைவிடாமல் பாகங்களையும் செய்துவந்ததால் ஆர்.எக்ஸ்.7 கார் உரிமையாளரால் அழுத்தச் சோதனை செய்துவிட்டு, பிரித்துக் கட்டலாமா என்று யோசிக்கவாவது முடிந்தது.

ஆர்.ஓ.80-க்கு நேர்ந்தது நீலகிரியின் மேற்பாதிக்கும் நேர்ந்திருக்கிறது. குன்னூருக்கு மேலே உதகை வரை இன்று வழக்கமாக இழுப்பது டீசல் என்ஜின். கீழ்ப்பாதியில் அது நிகழாததற்குக் காரணம் பொன்மலை. விண்டர்தூர் தொழிற்சாலை 1990களின் இறுதியில் துண்டாடப்பட்டுவிட்டது. 1928 முதல் இயங்கும் பொன்மலைப் பணிமனையோ முழு என்ஜினையே கட்டிக் காட்டியது. அதே விண்டர்தூர் நிறுவனமும் 1992-ல் ஆல்ப்ஸ் மலைப்பாதைகளுக்காகப் புது வடிவமைப்பில் எண்ணெயால் ஓடும் பல்சக்கர நீராவி என்ஜின்களைக் கட்டியது. அவற்றோடு ஒப்பிட்டால், பழைய வடிவத்தையே பின்பற்றிய பொன்மலையின் கை எவ்வளவு அடக்கமானது! செலவு அதிகம் என்ற ஆட்சேபம் பாரம்பரியப் பாதைகள் எல்லாவற்றுக்கும் பொருந்துவதால் இங்கே தனியாக எடையில்லை.

மெய்ம்மைக்கு ஊறு நேர்ந்தது என்று சொல்லவேண்டுமானால் அதை வேறிடத்தில் தேட வேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நிலக்கரியை எண்ணெய்க்கு மாற்றியபோது, கரியை அள்ளி வீசி நெருப்பை வளர்க்கும் ஃபயர்மேனின் தொழில் வால்வு திருகும் வேலையாகச் சுருங்கியது. காட்டுத் தீ அச்சமும் சீரான நீராவித் தேவையும் அந்த மாற்றத்துக்கு நியாயமான காரணங்கள்தான். ஆயினும் உலோகத்தின் வயதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர்கள் இந்த மாற்றத்தைப் பெரிதாகப் பேசவில்லை. என் கணக்கில், 2021-ன் புதிய நிலக்கரி என்ஜின், எண்ணெய்க்கு மாற்றிய பழைய விண்டர்தூர் என்ஜினைவிட மெய்ம்மையில் ஒரு படி மேலே நிற்கிறது.

86-ஆம் பத்தியில் ஓடும் என்ஜினுக்கும் பொருந்தும் ஒரே பகுதி, ஊகம் கூடாது, ஆவணம் வேண்டும் என்பது. ஆகவே தெற்கு ரயில்வேயிடம் ஒரு கோரிக்கை: ஒவ்வொரு எக்ஸ் என்ஜினிலும் எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, எந்த வரைபடத்தின்படி செய்யப்பட்டது என்ற பி.ஓ.எச். பதிவுகளை ஆய்வாளர்கள் பார்க்கும்படி பொது ஆவணமாக வெளியிட வேண்டும். புதிதாகச் செய்யும் ஒவ்வொரு பெரிய பாகத்திலும் பொன்மலையின் பெயரையும் ஆண்டையும் பொறிக்க வேண்டும்.