நிப்பு வந்த வழியும் பேனா கடைந்த விதமும்: இந்தியக் கைவினை ஊற்றுப்பேனா குறித்த ஓர் ஆய்வு

எபோனைட் எனும் கடின ரப்பர்த் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றினால் பேனாவின் உடல், மூடி, கழுத்து மூன்றையும் ஒரே ஆள் கடைந்துவிடலாம். நிப்பை அப்படிச் செய்ய முடிவதில்லை. அது எங்கிருந்து, எந்த வடிவில் கிடைத்தது என்பதே கழுத்தை எப்படித் துளையிடுவது என்பதையும் கைத்திறன் பேனாவின் எந்தப் பகுதியில் செலவாகும் என்பதையும் முடிவு செய்தது. இக்கருத்தை நான்கு கட்டங்களாக இக்கட்டுரை ஆராய்கிறது.

நிப்பு தனித்தொழில் ஆதல்

1820களில் பர்மிங்காம் நகரில் ஜான் மிட்செல், ஜோசப் கில்லட், ஜோசையா மேசன் போன்றோர் எஃகு நிப்புத் தயாரிப்பை அச்சு இயந்திரங்களுக்கு மாற்றினர். வெட்டுதல், துளையிடுதல், வளைத்தல், பதமேற்றுதல், பிளவிடுதல் என ஒரு நிப்பு பல கைகள் மாறியது. இவை மையில் தோய்த்து எழுதுபவை.

ஊற்றுப்பேனாவின் தேவை வேறு. அதில் நிப்பு எந்நேரமும் மையில் நனைந்திருக்கும். அக்கால இரும்புச்சத்து மை அமிலத்தன்மை உடையது, எஃகை அரித்துவிடும். தங்கம் அரிபடாது, ஆனால் எழுத எழுதத் தேயும். ஸ்மித்சன் டெனன்ட் 1803-இல் கண்டறிந்த இரிடியமும் ஆஸ்மியமும் இதற்குத் தீர்வாயின. இவ்விரண்டும் கலந்து இயற்கையில் கிடைக்கும் கடினமான மணிகளைத் தங்க நிப்பின் நுனியில் பற்றவைக்கும் முறை, 1834 அளவில் ஜான் ஐசக் ஹாக்கின்ஸின் முயற்சியால் உருவானது. தங்கம் 1064 பாகை செல்சியஸில் உருகும்; இரிடியம் உருக 2400 பாகைக்கும் மேல் வேண்டும். ஆகவே பொற்கொல்லரின் உலையில் நிப்பின் உடல் உருவாகலாம். முனை மணியை வெளியிலிருந்துதான் வாங்கியாக வேண்டும்.

சுதேசிச் சோதனை

ராஜமுந்திரியின் ரத்னம் பேனா இந்தச் சிக்கலின் நடுவே பிறந்தது. உள்நாட்டுப் பொருள் செய்யும்படி 1921-இல் காந்தி கூறியதைத் தொடர்ந்து, நகை வேலை அறிந்த கே.வி. ரத்னம் பேனாத் தயாரிப்பில் இறங்கினார். 1930களின் தொடக்கத்தில் அவருடைய பேனாக்கள் வெளிவந்தன. தமக்கு வந்த பேனாவைப் பாராட்டி 1935 ஜூலையில் காந்தி கடிதம் எழுதினார். சுதேசிக் கணக்கில் நிப்பே கடினமான உறுப்பு. உடல் உள்ளூர்க் கடைசலாக இருந்தாலும் நிப்பு கப்பலில் வந்ததென்றால் அது அரைச் சுதேசிதான். தங்கத்தைத் தட்டி, வெட்டி, வளைக்கத் தெரிந்த கைகள் இங்கே பேனாத் தொழிலுக்கு வந்ததை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

சாத்தூர்க் காலம்

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்நாட்டு நிப்புக்கு இடம் தந்தன. துருப்பிடிக்காத எஃகு பரவியதால் தங்கம் கட்டாயமாக இருந்த நிலையும் மாறியது. தமிழ்நாட்டில் சாத்தூர், தீப்பெட்டியோடு பேனா நிப்புக்கும் பெயர் பெற்றது. அங்கே சிறு பட்டறைகளில் குடிசைத் தொழிலாக நிப்பு தயாரானது.

சிறு பட்டறை நிப்புகளில் வளைவும் அகலமும் சற்று முன்பின் இருக்கும். அந்த வேறுபாட்டைச் சரிசெய்யும் பொறுப்பு பேனா செய்பவரிடம் வந்தது. கழுத்தில் நேரான துளையிட்டு, நிப்பையும் அதன் அடியில் மை கொண்டுவரும் எபோனைட் நாக்கையும் சேர்த்து இறுக்கிச் செருகினார்கள். நாக்கை அரத்தால் தேய்த்து, சூடேற்றி, அந்தந்த நிப்பின் வளைவுக்கு அழுத்திப் படியவைத்தார்கள். மை சீராக இறங்குவது இந்தப் பொருத்தத்தைப் பொறுத்தது. பால்பாயின்ட் பேனா பரவியதும் சாத்தூர்த் தொழில் நலிந்தது. பொருத்தும் வேலை தெரிந்தவர்களும் குறைந்தனர்.

மரை வந்த பின்

இன்று திருவள்ளூரின் ரங்கா போன்ற கைவினைப் பேனாக்கள் உலகெங்கும் சேகரிப்பாளர்களிடம் போகின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஹைடல்பர்க்கின் பாக், பெர்லினின் யோவோ முதலிய ஜெர்மன் நிறுவனங்களின் நிப்புகள் வருகின்றன. நிப்பு, பிளாஸ்டிக் நாக்கு, இரண்டையும் தாங்கும் மரையிட்ட உறை ஆகியவை ஒரே தொகுதியாகக் கிடைக்கின்றன. யோவோவின் 6-ஆம் எண் தொகுதிக்கு 7.4 மில்லிமீட்டர் விட்டத்தில், 0.5 மில்லிமீட்டர் இடைவெளியில் மரை வெட்ட வேண்டும். பாக் தொகுதிக்கு மரை வேறு. ஒன்றுக்கு வெட்டிய கழுத்தில் மற்றது ஏறாது.

இதனால் வாங்கியவரே வீட்டில் நிப்பைக் கழற்றி மாற்றலாம். மறுபுறம், உறையின் நீளத்துக்கும் பருமனுக்கும் கட்டுப்பட்டே கழுத்தை வடிவமைக்க வேண்டியிருக்கிறது. கையால் பொருத்திய எபோனைட் நாக்கைக் கேட்டு வாங்குவோரும் இருப்பதால் பழைய முறை முற்றிலும் மறையவில்லை.

முடிவுரை

நிப்புகள் ஒரே அளவில் வராத காலத்தில் கைத்திறன் நிப்பும் கழுத்தும் சேரும் இடத்தில் குவிந்தது. அளவு சீரானதும் அது உடலின் வடிவத்துக்கும் மெருகுக்கும் நகர்ந்தது. எனவே பெயர் பொறிக்காத ஒரு பழைய பேனாவை ஆராய்பவர் உடலின் அழகுக்கு முன் கழுத்தின் உட்புறத்தைப் பார்ப்பது நல்லது. அங்குள்ள துளையும் மரையும் அதைச் செய்தவருக்கு எத்தகைய நிப்பு கிடைத்தது என்பதற்குச் சான்றாகும்.