‘இரத்தக்காட்டேரி’ ஆக்கப்பட்ட ஓர் அணைப்பு: எட்வர்ட் மூங்கின் ஓவியமும் அதன் பெயரும்

நோர்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் (1863–1944) என்றதும் பலருக்கு ‘அலறல்’ ஓவியமே நினைவுக்கு வரும். அதே 1893 ஆம் ஆண்டில் அவர் வரைந்த இன்னொரு ஓவியம் இன்று ‘இரத்தக்காட்டேரி’ என்று உலகெங்கும் அறியப்படுகிறது. ஆனால் அவர் அதற்கு முதலில் இட்ட பெயர் ‘காதலும் வலியும்’.

படத்தில் இருப்பது என்ன?

ஒரு பெண் ஓர் ஆணை அணைத்தபடி அவனது பிடரியில் முகம் பதித்துக் குனிந்திருக்கிறாள். அவன் அவளிடம் முகம் புதைத்திருக்கிறான். அவளது செந்நிறக் கூந்தல் அவன் தலையிலும் தோளிலும் வழிகிறது. இருவரையும் சுற்றி இருண்ட நிழல். கோரைப்பல் தெரியவில்லை. காயமும் இல்லை. சிவப்பாக இருப்பது கூந்தல் மட்டுமே.

பெயர் எப்படி வந்தது?

மூங்க் அப்போது பேர்லினில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் கூடும் வட்டத்தில் இருந்தார். அவ்வட்டத்தைச் சேர்ந்த போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் பிஷிபிஷெவ்ஸ்கி, 1894 இல் இந்த ஓவியத்தைப் பற்றி எழுதியபோது, உடைந்துபோன ஓர் ஆணையும் அவன் இரத்தத்தைக் குடிக்கும் பெண்ணையும் அதில் கண்டார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அது ஓர் ஆணின் கழுத்தில் முத்தமிடும் பெண் மட்டுமே என்று மூங்க் பின்னர் கூறினார். ஆனாலும் படம் புதுப்பெயரிலேயே பரவியது.

பெண்ணின் ஆசை ஏன் அச்சமானது?

இந்த வாசிப்பு பிஷிபிஷெவ்ஸ்கியுடையது மட்டுமல்ல. ஐரோப்பாவில் பெண்கள் கல்வியும் தொழிலும் வாக்குரிமையும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆசை கொண்ட பெண்ணை ஆணின் உயிரை உறிஞ்சுபவளாகக் காட்டும் படைப்புகள் அக்காலத்தில் பெருகின. 1897 இல் இலண்டனில் பிலிப் பேர்ன்-ஜோன்ஸ், கட்டிலில் உணர்வற்றுக் கிடக்கும் ஆணின் மேல் குனிந்திருக்கும் பெண்ணை ‘இரத்தக்காட்டேரி’ என்ற தலைப்பிலேயே வரைந்தார். அவரது உறவினர் ருட்யார்ட் கிப்ளிங் அதே தலைப்பில் கவிதை எழுதினார். பிராம் ஸ்டோக்கரின் ‘ட்ரகுலா’ நாவலும் அதே ஆண்டில்தான் வெளியானது. கிப்ளிங்கின் கவிதையிலிருந்து பிறந்த 1915 ஆம் ஆண்டு அமெரிக்கத் திரைப்படம், ஆணை மயக்கி அழிக்கும் பெண்ணுக்கு ‘வாம்ப்’ என்ற சொல்லைப் பரவலாக்கியது.

பேர்ன்-ஜோன்ஸின் படத்தில் பெண் வென்றவள்போல் தோன்றுகிறாள். மூங்கின் படத்தில் வென்றவர் எவரும் இல்லை. மூங்க் ஐந்து வயதில் தாயையும் 13 வயதில் அக்காவையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். அணைப்பும் இழப்பும் அவரது ஓவியங்களில் திரும்பத் திரும்பச் சேர்ந்தே வருகின்றன. ‘காதலும் வலியும்’ என்ற பெயர் அந்த இரண்டையும் சமமாக வைத்தது. ‘இரத்தக்காட்டேரி’ என்ற பெயரோ ஒருத்தியைக் குற்றவாளியாகவும் மற்றவனைப் பலியாகவும் பிரித்துவிட்டது.

பின்னர் நடந்தவை

மூங்க் இதே காட்சியை வண்ண ஓவியங்களாகவும் அச்சுப் படங்களாகவும் பல தடவைகள் உருவாக்கினார். 1937 இல் நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்ற முத்திரையுடன் அவரது 82 படைப்புகளை ஜேர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அகற்றினர். 2008 இல் இந்த ஓவியத்தின் 1894 ஆம் ஆண்டு வடிவம் நியூயோர்க் ஏலத்தில் சுமார் 38.2 மில்லியன் அமெரிக்க டொலருக்கு விற்பனையானது. அப்போதும் அது ‘இரத்தக்காட்டேரி’தான்.

ஒரு படத்தின் கீழ் எழுதப்படும் சொல், படத்தில் இல்லாததையும் காணவைக்கும். பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால், அங்கே அழுதுகொண்டிருக்கும் ஒருவனையும் அவனைத் தேற்றும் ஒருத்தியையும்கூடக் காணலாம்.