நூறு பாடல்களும் நான்கு கைகளும்: கபீரின் ஆங்கில வடிவம்

கபீரின் பாடல்களை ஆங்கில உலகம் பரவலாக அறிந்துகொண்டது ஒரு சிறு நூலின் வழியாகவே. இலண்டனில் 1910இல் இந்தியக் கலைக்காக நிறுவப்பெற்ற இந்தியா சொசைட்டி, 1914இல் கபீரின் நூறு பாடல்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டே மாக்மில்லன் நிறுவனம் அதனைப் பொதுமக்கள் பதிப்பாகக் கொணர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் இரவீந்திரநாத் தாகூர் என்றும், உதவியவர் ஈவ்லின் அண்டர்ஹில் என்றும் முகப்பேடு கூறுகிறது. தாகூர்மீது கபீரின் செல்வாக்கை ஆராய்வோர் பலரும் இந்நூலையே சான்றாகக் கொள்வர். ஆயினும் நூல் உருவான முறையை நோக்கினால், செல்வாக்கு எத்திசையில் பாய்ந்தது என்பதே வினாவாகிறது.

1908இல் சாந்திநிகேதனுக்கு ஆசிரியராக வந்த க்ஷிதிமோகன் சென், ஏடுகளிலிருந்தும் ஊர் ஊராகத் திரிந்த துறவியர், பாடகர் வாய்மொழியிலிருந்தும் கபீரின் பாடல்களைத் திரட்டி, வங்காள மொழிபெயர்ப்புடன் 1910-11இல் பதிப்பித்தார். பல வேறுபாடங்களுள் எது கபீருடையது எனத் தெரிந்தெடுத்தவர் அவரே. ஆகவே முதல் சல்லடை அவருடைய சுவையுணர்வு. அத்தொகுப்பிலிருந்து 116 பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அஜித்குமார் சக்கரவர்த்தி. கபீரைப் பற்றி அவர் ஒரு கட்டுரையும் எழுதியிருந்தார். இவ்விரு கையெழுத்துப்படிகளும் தாகூர், அண்டர்ஹில் இருவர் முன்னும் இருந்தன. மொழிபெயர்ப்பின் பல தொடர்களை ஏற்றுக்கொண்டதையும், கட்டுரைச் செய்திகள் சிலவற்றை முன்னுரையில் சேர்த்ததையும் அம்முன்னுரையே நன்றியுடன் ஒப்புக்கொள்கிறது. ஆனால் முகப்பேட்டில் அஜித்குமாரின் பெயர் இல்லை. 1918இல் அவர் இளவயதிலேயே மறைந்தார். முன்னுரையைப் படியாது முகப்பேட்டை மட்டும் மேற்கோள் காட்டும் வழக்கம் அவர் பெயரை மேலும் மறைத்துவிட்டது.

அண்டர்ஹில் புதினமும் கவிதையும் எழுதியவர்; கிறித்தவ அனுபூதி மரபை விரிவாக ஆராய்ந்த 'மிஸ்டிசிசம்' (1911) என்னும் நூலால் அறியப்பட்டவர். அவருடைய முன்னுரை கபீரை அகஸ்டின், ரூய்ஸ்புரோக், ரூமி ஆகியோர் வரிசையில் நிறுத்துகிறது. இவ்வொப்பீடு பயனற்றதன்று, ஐரோப்பிய வாசகர் கபீரை நெருங்க அது வழி செய்தது. எனினும் அவ்வரிசைக்குப் பொருந்தும் கபீரே, அதாவது அன்பில் தோய்ந்த கபீரே, முன்னிற்கிறார். பண்டிதரையும் முல்லாவையும் கடிந்துரைக்கும் 'பீஜக்' தொகுப்பின் கடுங்குரல் இங்கு மங்கி ஒலிக்கிறது. 1912இல் வெளிவந்த ஆங்கிலக் கீதாஞ்சலியின் உரைநடைக் கவிதை நடையே கபீருக்கும் வாய்த்தது. கீதாஞ்சலியைப் படித்தபின் இந்நூலை எடுத்த வாசகர், தாகூரிடம் கபீரைக் கண்டதாக எண்ணியிருக்கலாம். உண்மையில் அவர்கள் கேட்டது கபீர் வாயிலாக ஒலித்த தாகூரின் குரலையே எனல் மிகையாகாது.

அண்டர்ஹில்லும் கொடுத்தவர் மட்டும் அல்லர். தாகூரின் தந்தை தேவேந்திரநாதரின் தன்வரலாறு 1914இல் ஆங்கிலத்தில் வந்தபோது முன்னுரை எழுதியவர் அவரே. கிறித்தவ அனுபூதிமான்களிடம் கண்ட படிநிலைகளை ஒரு வங்காள மகரிஷியிடமும் தேடிப் பார்க்க அவருக்கு அது வாய்ப்பளித்தது.

பிற்கால மூலபாட ஆய்வு இந்நூலுக்குச் சாதகமாக அமையவில்லை. 1604இல் தொகுக்கப்பெற்ற சீக்கியரின் ஆதிகிரந்தம், இராஜஸ்தானத்துத் தாதூபந்திச் சுவடிகள் முதலியவற்றோடு ஒப்பிட்டபோது, நூறு பாடல்களுள் மிகச் சிலவே பழஞ்சுவடிகளில் காணப்பட்டன. பாரசநாத் திவாரியின் செம்பதிப்பு (1961) வந்தபின் இவ்வேறுபாடு தெளிவாகியது. இதனால் சென் தொகுத்தவற்றைப் போலி எனத் தள்ளுவதும் பொருந்தாது. அவை பாடகர் நாவில் வளர்ந்த கபீர் மரபின் பாடல்கள். ஒரு நூற்றாண்டு, ஓர் ஆசிரியர் என்ற அளவுகோலுக்குள் அடங்காதவை.

இந்தித் திறனாய்வும் இந்நூலின் நிழலிலிருந்து விலகி நிற்கவில்லை. சாந்திநிகேதனில் பணியாற்றிய ஹஜாரிபிரசாத் துவிவேதி தம் 'கபீர்' (1942) நூலின் பின்னிணைப்பில் அந்த நூறு பாடல்களின் இந்தி வடிவத்தையும் சேர்த்தார். இந்தி அறியாத அமெரிக்கக் கவிஞர் இராபர்ட் பிளை, தாகூரின் ஆங்கிலத்தையே மூலமாகக் கொண்டு தம் கபீர்க் கவிதைகளை ஆக்கி 1977இல் நூலாக்கினார்.