இளம் இரட்டை விண்மீன்களும் வாயு வட்டுகளும்

ஒரே மேகத்தில் பிறந்து ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களைச் சில லட்சம் முதல் சில கோடி ஆண்டுகள் வரை வாயுவும் தூசியும் கலந்த வட்டு சூழ்ந்திருக்கும். இணை வட்டைச் செதுக்கும். வட்டு இணையின் சுற்றுப்பாதையை மாற்றும்.

இந்த ஆய்வின் முன்கதை சோழமண்டலக் கடற்கரையையும் தொடுகிறது. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்த இயேசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ, ஆல்பா சென்டாரி இரு விண்மீன்கள் என்று கண்டார். காரைக்கால் பகுதியின் போலகத்தில் மே மாத நள்ளிரவில் தெற்கே நோக்கினால் அது சுமார் 18 பாகை உயரத்தில், கை நீட்டிப் பிடித்த ஒரு சாண் அளவில், நிற்கும். வெறுங்கண்ணுக்கு ஒற்றைப் புள்ளிதான். அப்படிப்பட்ட இணைகள் உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று வில்லியம் ஹெர்ஷல் 1803இல் காட்டினார். ஆல்பா சென்டாரிக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 80 ஆண்டு. அதன் இளமைக்கால வட்டு என்றோ கலைந்துவிட்டது.

வட்டோடு இருக்கும் இளம் விண்மீன்களை 1945இல் ஆல்ஃபிரட் ஜாய் தனி வகையாகப் பிரித்து, ரிஷப ராசியிலுள்ள டி டாரியின் பெயரிலேயே அழைத்தார். அந்த டி டாரிக்கே ஒரு துணை உண்டு என்பது 1982இல்தான் அகச்சிவப்பு ஒளியில் தெரிந்தது.

கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டது 1994இல் ஆர்டிமோவிச்சும் லூபோவும் செய்த கணக்கு. வெளியே மெதுவாகச் சுற்றும் வாயுவுக்கு இணை கோண உந்தத்தைக் கொடுத்து அப்பால் தள்ளுகிறது. ஆகவே நடுவில் இணையின் இடைவெளியைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆரமுள்ள வெற்றிடம் உண்டாகிறது. ஒவ்வொரு விண்மீனையும் ஒட்டிய சிறு வட்டிலோ, துணையின் இழுப்பு வெளி விளிம்பை நறுக்கிவிடுகிறது. ஆயினும் வெற்றிடம் முற்றிலும் வெறுமையல்ல: ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிவது போல மெல்லிய வாயு ஓடைகள் அதைக் கடந்து விண்மீன்களை அடையும் என்று அவர்களே 1996இல் காட்டினர்.

டிக்யூ டாரி என்ற இளம் இணையில் இந்த ஓடைகளின் தடயம் தெரிகிறது. நீள்வட்டப் பாதையில் 15.8 நாளுக்கு ஒருமுறை நெருங்கும் அந்த இணை, பெரும்பாலான நெருக்கங்களில் வாயு விழுந்து பிரகாசமடைகிறது.

எல்லாம் கணக்குக்கு அடங்கிவிடவில்லை. ஏறத்தாழ 450 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஜிஜி டாரி என்ற இளம் இணையைச் சூழ்ந்த வட்டின் வளையம் 180 வானியல் அலகில் தொடங்குகிறது. இணையின் இடைவெளியோ நமக்குத் தெரியும் அளவில் சுமார் 35 அலகு. இவ்வளவு பெரிய வெற்றிடத்துக்குச் சுற்றுப்பாதையின் நீட்சியும் சாய்வும் காரணமா என்ற விவாதம் நீண்டகாலமாக நடக்கிறது. அங்கே உள்நோக்கிப் பாயும் வாயுவைச் சிலியின் ஆல்மா தொலைநோக்கிகள் 2014இல் படம்பிடித்தன.

வட்டுக்குக் கோண உந்தத்தைக் கொடுத்து இழக்கும் இணை நெருங்கியே தீரும் என்பதுதான் நெடுநாள் பாடம். ஆனால் 2019இல் முன்யோஸ், மிராண்டா, லாய் மூவரும் வெளியிட்ட கணினி உருவகப்படுத்தல்களில், விழும் வாயு கொண்டுவரும் உந்தமே மேலோங்கி, சம எடை இணைகள் விலகிச் சென்றன. வட்டு மெல்லியதாக இருந்தால் முடிவு மீண்டும் நெருக்கத்தின் பக்கம் சாய்கிறது என்று பிந்தைய உருவகப்படுத்தல்கள் சொல்கின்றன.